பதினான்காம் கடிதம்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு
என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குகிறேன்.
நான் யாருக்கும் அண்டை வீடில்லை.
ஊரின் மறுகோடியிலிருந்து மிதிவண்டியில் வருகிறேன்,
பையில் முன்னூற்றுப் பன்னிரண்டு தாள்.

ஹாவர் தெரு, வாய்க்காலின் வடகரை.
அட்டை ஆலை இருந்த இடத்தில்
வீடுகள் வரப்போகின்றன.
குரோனிங்கன் மண் கொழகொழ மண்.
பதினெட்டு மீட்டர் இறங்கினால்தான்
தூணுக்குக் கால் பாவும்.
ஆகவே அடிக்கிறோம்,
காலை ஏழரை முதல் மாலை நான்கு வரை
தூக்கி, விட்டு,
தூக்கி, விட்டு.

பறையறைந்து செய்தி சொல்வது ஊர் வழக்கம்.
இங்கே தலைகீழ்:
பறை வரப்போகிறது என்பதே செய்தி.

'அதிர்வு உணரப்படலாம்' என்று எழுதியிருந்தேன்.
பத்தொன்பதாம் எண் ஆல்ட்யே கூப்பிட்டாள்.
"உணரப்படலாமா? என் தேநீர்க் கோப்பை
மேசை ஓரத்துக்கு நடந்தே போய்விட்டது."
அடுத்த கடிதத்தில் 'உணர்வீர்கள்' என்று திருத்தினேன்.
மேலாளர் ரூலோஃப் அதைச் சிவப்பில் அடித்தார்.
அதற்கடுத்ததில் மறுபடி வைத்தேன்.
அவர் படிக்கவில்லை.

இருபத்தேழாம் எண் கதவில் ஒரு வில்லை:
விளம்பரம் வேண்டாம், இலவசப் பத்திரிகையும் வேண்டாம்.
வாசலில் நின்று யோசிப்பேன்,
நான் இவற்றில் எது?
மடித்துப் போட்டுவிட்டு
திருடியைப் போல நகர்வேன்.

முப்பத்தொன்றில் இத்ரீஸ். இரவெல்லாம் ரொட்டி சுட்டு
விடியலில் படுப்பவர்.
நாங்கள் கொடுத்த காதடைப்பானைத் திருப்பித் தந்தார்.
"சத்தம் காது வழியாக வரவில்லை,
கட்டில் கால் வழியாக வருகிறது."
இதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
'மற்றவை' என்பதில் எழுதிக்கொண்டேன்.

செவ்வாயன்று எனக்கு ஒரு கடிதம் வந்தது.
நாற்பத்துநான்காம் எண். நீல மை.
'வியாழன் பதினொன்றுக்கு என் கணவரை எடுக்கிறோம்.
வண்டி உங்கள் வேலியை ஒட்டித்தான் போகவேண்டும்.
தகவலுக்காக.
ஃப்ரௌக்யே டைக்மா.'

கேள்வி இல்லை, கோரிக்கை இல்லை.
தகவலுக்காக.
நான் எத்தனை முறை எழுதிய சொல் அது.

ஊருக்கெல்லாம் அச்சடிக்க
அது என்னுடைய சாவு இல்லை.
சம்மட்டி இயக்கும் பேரெண்டிடம் மட்டும் போய்ச் சொன்னேன்.
எவ்வளவு நேரம் என்றார்.
தெரியாது என்றேன்.
சரி என்றார்.

வியாழன், பதினொன்று நான்கு.
நூற்று நாற்பத்தைந்தாம் தூணின் தலைக்கு மேல்
ஏழு டன் இரும்பு
அந்தரத்தில் நின்றது.
தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பது விதி.
யாரும் கழற்றவில்லை.
கறுப்பு வண்டி சேற்றில் மெதுவாகத் திரும்பிப் போனது.

ஒன்பது நிமிடம்.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
ஆல்ட்யே கோப்பையோடு வாசலுக்கு வந்தாள்.
இத்ரீஸ் திடுக்கிட்டு எழுந்து
வெறுங்காலோடு தெருவில் நின்றார்.
வாய்க்காலில் ஒரு வாத்து கத்தியது.
பதினான்கு வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பிறகு அலுவலகத்துக்குப் பதினொரு அழைப்பு.
என்ன ஆயிற்று, யாருக்காவது அடிபட்டதா,
பணம் தீர்ந்துவிட்டதா.
ஒருவர் கோபமாகவே கேட்டார்:
"சத்தம் வரும் என்று சொன்னீர்கள் சரி,
நிற்கும் என்று ஏன் சொல்லவில்லை?"

எழுதினேன்:
'வியாழன் 11.04 முதல் 11.13 வரை பணி நின்றது.
முன்னறிவிப்பு தராததற்கு வருந்துகிறோம்.'
காரணம் என்ற இடத்தில்
மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் எடுத்தேன்.
காலியாக இருக்கிறதே என்றார் ரூலோஃப்,
இந்த முறை படித்திருந்தார்.
இருக்கட்டும் என்றேன்.

மீதி: அறுபத்தெட்டுத் தூண்கள், வானிலையைப் பொறுத்து.
திங்கள் முதல் கிழக்கு வாசல் மூடப்படும்.
நடைபாதை எதிர்ப்புறம்.

நாற்பத்துநான்காம் எண் வீட்டில்
பெயர்ப்பலகையில் இன்னும் இரண்டு பெயர்.
தாளைப் பிளவுக்குள் தள்ளினேன்.
அங்கே தபால்மூடி இரும்பு, கனமானது.
விட்டால் அறையும்.
விரலைக் கொடுத்து
மெல்ல இறக்கினேன்.